ஆர்.எல். பாட்டிலில் இருக்கும் அந்த 'ரிங்கர்' யார்?



ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால், கட்டில் பக்கத்து ஸ்டாண்டில் ஒரு டிரிப்ஸ் பாட்டில் தொங்கும். நர்ஸ் அக்கா அதை 'ஆர்.எல்.' என்று சொல்வாங்க. நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு எல்லா டிரிப்ஸும் 'குளுக்கோஸ்' தான், அது வேற கதை. ஆர்.எல். என்றால் ரிங்கர் லாக்டேட். ரிங்கர் ஏதோ கெமிக்கல் பெயர்னு நினைச்சிருந்தா, இல்லைங்க. அது ஒரு மனுஷனோட பெயர். சிட்னி ரிங்கர், லண்டனில் வாழ்ந்த டாக்டர். இறந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

அவர் வாழ்ந்த காலத்தில் பைபாஸ் ஆபரேஷன் என்ற ஒன்றே கிடையாது. ஆனால் இன்றைக்கு பைபாஸ் பண்ணும்போது இதயத் தசை செத்துப்போகாமல் எப்படிக் காப்பாத்துறாங்க என்று கேட்டால், பதில் இவருடைய லேபுக்குத்தான் போய்ச் சேரும். அதனால் இந்த மாதம் இவருடைய கதை.

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி, பிரச்சினை என்னன்னு பார்த்துடலாம். நம்ம ஆட்களுக்கு இது புரியும், ஏன்னா இது சுத்தமான இன்ஜினியரிங் பிரச்சினை.

ஓடுற பம்பை ரிப்பேர் பண்றது எப்படி?

இதயம் ஒரு பம்ப். ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை அடிக்கும். உடம்பு முழுக்க ரத்தம் அனுப்புற இந்தப் பம்புக்கும் சாப்பாடு வேணும் இல்லையா? தன் அறைக்குள்ளே ஓடுற ரத்தத்தை அது அப்படியே எடுத்துக்க முடியாது. அதுக்குன்னு தனியா கரோனரி ரத்தக் குழாய்கள் இருக்கு. அதில் அடைப்பு வந்தால்தான் ஹார்ட் அட்டாக். அடைப்பைத் தாண்டி, காலிலிருந்தோ நெஞ்சிலிருந்தோ எடுத்த வேறொரு குழாயைத் தைத்து மாற்றுப் பாதை போடுவதுதான் பைபாஸ்.

தைக்க வேண்டிய குழாயின் விட்டம் 1.5 முதல் 2 மில்லிமீட்டர். தைக்கிற நூல் தலைமுடி அளவு. துடிக்கிற இதயத்தின் மேல் அதைத் தைப்பது, ஓடுற பஸ்ஸில் ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி. துடிக்கும்போதே தைக்கிற முறையும் இருக்கு. ஆனால் வழக்கமான முறையில், உடம்புக்கு ரத்தம் அனுப்புற வேலையை ஹார்ட்-லங் மெஷினிடம் கொடுத்துவிட்டு, பெருந்தமனியில் ஒரு கிளாம்ப் போட்டு, இதயத்தை நிறுத்தி வைப்பாங்க.

சிக்கல் இங்கதான். அந்த கிளாம்ப் விழுந்த நொடியிலிருந்து உடம்பு முழுக்க மெஷின் ரத்தம் போகும், மூளைக்குப் போகும், கிட்னிக்குப் போகும். இதயத் தசைக்கு மட்டும் போகாது. எந்தத் தசையைக் காப்பாற்ற ஆபரேஷன் பண்றோமோ, அந்தத் தசையையே பட்டினி போடுறோம். எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் விட்டால், சுமார் 20 நிமிஷத்துக்கு மேல் செல்கள் திரும்ப வர முடியாத அளவுக்குச் சேதம் ஆரம்பிக்கும். ஆபரேஷனுக்கோ ஒரு மணி நேரம், சில சமயம் அதுக்கும் மேல தேவை.

வழி என்ன? செலவைக் குறைக்கணும். பவர் கட் ஆனதும் இன்வெர்ட்டர் பேட்டரியைக் காப்பாத்த ஏசி, கிரைண்டர் எல்லாத்தையும் ஆஃப் பண்ற மாதிரி. துடிக்கிற வேலையை நிறுத்திட்டாலே இதயத் தசையின் ஆக்சிஜன் தேவை சுமார் 90 சதவீதம் குறைஞ்சிடும். ஆனால் அது உடனே நிற்கணும், தளர்ந்த நிலையில் நிற்கணும், வேலை முடிஞ்சதும் திரும்ப ஓடணும். அப்படி ஒரு ஸ்விட்ச் எங்கே இருக்கு?

அந்த ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்தவர்தான் நம்ம ரிங்கர்.

நார்விச் பையன்

1830-களின் நடுவில், கிழக்கு இங்கிலாந்தில் உள்ள நார்விச் நகரத்தில் பிறந்தார் சிட்னி ரிங்கர். இங்கிலாந்தின் அரசு சபையில் சேராத, தனிச் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். அண்ணன் ஜான் மெலன்க்தன் ஷாங்காய்க்குப் போய்ப் பெரிய பணக்காரர் ஆனார். தம்பி ஃப்ரெடெரிக் ஜப்பானின் நாகசாகிக்குப் போய்ப் பெரிய வியாபாரி ஆனார். இன்றைக்கும் ஜப்பானில் 'ரிங்கர் ஹட்' என்று ஒரு நூடுல்ஸ் ஹோட்டல் செயின் இருக்கு, அது அந்தத் தம்பி நினைவாக வைத்த பெயர். யோசிச்சுப் பாருங்க, ஒரு தம்பி பெயர் நூடுல்ஸ் கிண்ணத்தில், அண்ணன் பெயர் டிரிப்ஸ் பாட்டிலில்!

சிட்னி கப்பல் ஏறவில்லை. 1854-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். 1860-ல் பட்டம், 1863-ல் எம்.டி. படித்து முடித்ததும் அந்தக் காலேஜுக்கு எதிரே, அதே கவர் ஸ்ட்ரீட்டில் இருக்கும் யூனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் டாக்டரானார். அப்புறம் 1900-ல் ரிட்டயர் ஆகும்வரை அந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போகவே இல்லை. பிளேஸ்மென்ட், ஆன்சைட், கம்பெனி மாறுவது என்றே யோசிக்கிற நமக்கு இது கொஞ்சம் ஆச்சரியமா இருக்கும்.

அவர் வாழ்ந்தபோது இதய ஆராய்ச்சிக்காக அவரை வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு புத்தகத்துக்காகத்தான் தெரியும். 1869-ல் எந்த மருந்து என்ன பண்ணும், எந்த நோய்க்கு எதைக் கொடுக்கணும் என்று விளக்கி ஒரு கையேடு எழுதினார். 1897-க்குள் 13 பதிப்பு வந்தது. அந்தக் காலத்து மெடிக்கல் மாணவர்கள் கையில் அது நம்ம ஊர் மைக்ரோ ஜெராக்ஸ் நோட்ஸ் மாதிரி புழங்கியிருக்கும்னு வச்சுக்கோங்க. பேராசிரியர் பதவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று பாடம் எடுப்பதில் நல்ல பெயர்.

ஆனால் மருந்து எழுதி எழுதி அவருக்குள் ஒரு கேள்வி உறுத்திக்கிட்டே இருந்திருக்கணும். இந்த மருந்து இதயத்துக்கு நல்லதுன்னு எழுதுறோம், அது உள்ளே என்னதான் பண்ணுது? அந்தக் காலத்தில் மருந்து என்பது பெரும்பாலும் அனுபவம். யாரோ கொடுத்தாங்க, கேட்டுச்சு, அதனால் நாமும் கொடுக்கிறோம். ரிங்கர் அதோடு நிற்கவில்லை. வார்டு ரவுண்ட்ஸ், சொந்தப் பிராக்டிஸ், வகுப்பு, இதெல்லாம் போக மீதி இருக்கிற நேரத்தில் காலேஜின் உடலியல் துறை லேபுக்குப் போய்விடுவார். அவர் முழுநேர விஞ்ஞானி கிடையாது. நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர், கிடைக்கிற நேரத்தில் லேப்.

தவளை இதயம், ஒரு பாட்டில் உப்புத் தண்ணி

லேபில் அவர் செய்தது கேட்க ரொம்ப எளிமை. தவளையின் இதயத்தை வெளியே எடுப்பார். அதன் கீழறையை ஒரு சின்னக் குழாயோடு கட்டி, ரத்தத்துக்குப் பதிலாக உப்புக் கரைசலை உள்ளே ஓடவிடுவார். சரியான கரைசல் கிடைத்தால் தவளை இதயம் உடம்புக்கு வெளியே மணிக்கணக்கில் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பும் ஒரு கோடாகப் பதிவாகும். அந்தக் கால ஈசிஜி என்று சொல்ல முடியாது, ஆனால் துடிப்பு எவ்வளவு வலுவா இருக்கு, எவ்வளவு நேரம் நீடிக்குதுன்னு தெரிஞ்சுடும்.

அவர் கேட்ட கேள்வி இது. ரத்தத்தில் ஆயிரம் பொருள் இருக்கு. அதில் இதயம் துடிக்க எது எது தேவை? ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். நம்ம பாஷையில் சொன்னா, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாராமீட்டரை மட்டும் மாத்துறது.

1882-ல் முடிவுகளை உடலியல் ஆராய்ச்சி இதழில் வெளியிட்டார். சமையல் உப்பான சோடியம் குளோரைடு, கூடக் கொஞ்சம் பொட்டாசியம் உப்பு, இவ்வளவு இருந்தாலே இதயம் நல்லாத் துடிக்குது என்கிற மாதிரி முடிவு. கோடுகள் அழகா வந்திருந்தன. பெரிய ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர், 13 பதிப்பு காணப்போகும் புத்தகத்தின் ஆசிரியர். யாரும் சந்தேகப்பட வாய்ப்பே இல்லை.

ஆனால் ஒரு விஷயம் தப்பாப் போயிருந்தது. அதைக் கண்டுபிடிச்சது அவரேதான்.

அந்தக் கரைசல் டிஸ்டில்ட் வாட்டரில் கலக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கலக்கியது குழாய்த் தண்ணியில்! லண்டனின் அந்தப் பகுதிக்கு நியூ ரிவர் கம்பெனி தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தது. பெயர்தான் புது ஆறு. அது 1613-ல் திறக்கப்பட்ட, மனுஷங்க வெட்டின பழைய வாய்க்கால். லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்‌ஷயரின் சுண்ணாம்புப் பாறை நிலத்து ஊற்றுகளிலிருந்து அந்தத் தண்ணி வரும். சுண்ணாம்புன்னா கால்சியம். ஹாஸ்டலில் வாட்டர் ஹீட்டர் காயில் மேல் வெள்ளையா படிஞ்சு கிடக்குமே, பார்த்திருப்பீங்க. அதே சமாச்சாரம்தான். தண்ணியில் கண்ணுக்குத் தெரியாமல் கரைஞ்சு வந்தது.

சரி, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. லேபில் ரீடிங் எதிர்பார்த்த மாதிரி வரலைன்னா ரெக்கார்டு நோட்டில் என்ன நடக்கும்னு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரிங்கருடைய நிலைமை அதைவிட மோசம். ரீடிங் அழகா வந்துடுச்சு, பேப்பர் அச்சாகிடுச்சு, எல்லாரும் படிச்சுட்டாங்க. பேசாமல் இருந்திருந்தால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அவர் பிழைப்பு நோயாளிகளிடம், தவளைகளிடம் அல்ல.

அவர் செய்தது வேறு. உடனே டிஸ்டில்ட் வாட்டரில் புதுக் கரைசல் கலந்து மறுபடியும் ஓட்டினார். முந்தைய பேப்பரில் சொன்ன மாதிரி நடக்கவில்லை. துடிப்பு வலு குறைந்துகொண்டே வந்து, இதயம் நின்றுவிட்டது. 1883-ல் அதே இதழில் அடுத்த பேப்பர். அதில் முதல் வேலையாக, முன்னாடி பயன்படுத்திய கரைசல் டிஸ்டில்ட் வாட்டரில் செய்தது அல்ல, குழாய்த் தண்ணியில் செய்தது என்று தண்ணி கொடுத்த கம்பெனி பெயரோடு எழுதினார். அந்தத் தண்ணியில் இருந்த நுண்ணிய அளவு உப்புகள்தான் வேலை செய்திருக்கின்றன, எனவே முதல் முடிவுகள் நிற்காது என்றும் ஒத்துக்கொண்டார். கரைசல் கலக்கியவர் மேல் பழி போடவில்லை.

பலர் இந்தக் கதையை 'தற்செயலாக நடந்த கண்டுபிடிப்பு' என்று சொல்வாங்க. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தண்ணி மாறிப்போனது தற்செயல். அதை ஊருக்குச் சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தது தற்செயல் இல்லை. அது முடிவெடுத்துச் செய்த காரியம்.

பிரேக்கும் ஆக்சிலரேட்டரும்

இப்ப அவர் கையில் சுத்தமான தண்ணி இருக்கு. ஒவ்வொரு உப்பையும் தனித்தனியாகச் சேர்த்துப் பார்க்கலாம்.

சோடியம் குளோரைடு மட்டும் இருந்தால் இதயம் நின்றுவிடும். அதோடு துளி அளவு கால்சியம் சேர்த்தால் துடிப்பு திரும்பும். ஆனால் கால்சியம் மட்டும் இருந்தால் வேறொரு கோளாறு. தசை சுருங்கும், விரிய மறுக்கும். கடைசியில் முறுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். அதில் கொஞ்சம் பொட்டாசியம் சேர்த்தால் தசை ஒழுங்காக விரிய ஆரம்பிக்கும், துடிப்பு சீராகும். பொட்டாசியம் அதிகமானால்? துடிப்பு வலுவிழந்து, இதயம் நின்றுவிடும். இந்தத் தடவை முறுக்கிக்கொண்டு இல்லை, தளர்ந்து, விரிந்த நிலையில். அப்புறம் கால்சியமும் பொட்டாசியமும் சரியான அளவில் உள்ள கரைசலை ஓடவிட்டால் மீண்டும் துடிக்கும்.

பார்த்தீங்களா? நாம தேடின ஸ்விட்ச் இதுதான். உடனே நிற்கணும், தளர்ந்து நிற்கணும், திரும்ப ஓடணும். மூணும் இருக்கு.

ஏன் இப்படி என்று ரிங்கருக்குச் சொல்ல வழியில்லை. அயனிச் சானல் பற்றி அப்போது யாருக்கும் தெரியாது. நம்மால் கணக்குப் போட்டே பார்க்கலாம். நெர்ன்ஸ்ட் சமன்பாடு ஞாபகம் இருக்கா? இதயச் செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல், வெளியே ரத்தத்தில் சுமார் 4. 61 பெருக்கல் லாக் 4 வகுத்தல் 140, கிட்டத்தட்ட மைனஸ் 94 மில்லிவோல்ட். ஓய்வில் உள்ள செல் இதை ஒட்டித்தான் இருக்கும். இப்ப வெளியே பொட்டாசியத்தை 20-க்கு ஏத்துங்க. விடை மைனஸ் 52-க்கு வந்துடும். அந்த வோல்டேஜில் செல்லின் சோடியம் கதவுகள் பூட்டிக்கிட்டு, மறுபடி திறக்கிற நிலைக்கு வரவே வராது. சோடியம் உள்ளே போகலைன்னா சிக்னல் இல்லை. சிக்னல் இல்லைன்னா துடிப்பு இல்லை. செல் சாகவில்லை, ஹாங் ஆகி நிக்குது, அவ்வளவுதான். பொட்டாசியத்தைக் கழுவி விட்டால் ரீஸ்டார்ட் ஆகிடும்.

ரிங்கர் மீன்களையும் விட்டுவைக்கவில்லை. டிஸ்டில்ட் வாட்டரில் விட்ட மீன்கள் சீக்கிரம் செத்துப்போவதையும், கால்சியம் உள்ள தண்ணியில் அதிக நேரம் தாக்குப்பிடிப்பதையும் கவனித்து எழுதினார். பேட்டரிக்கு ஊத்துற தண்ணிதான் ரொம்பச் சுத்தம், ஆனால் அதில் உயிர் வாழ முடியாது. அவருடைய மொத்த ஆராய்ச்சியின் சாரமும் இதுதான். எந்த உப்பும் தனியாக நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எவ்வளவு, எதோடு சேர்ந்து என்பதுதான் கேள்வி.

லாஸ்டிங்ஹாம்

1885-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நல்லாப் போன வாழ்க்கை. வீட்டில் ஒரு பெரிய இழப்பு இருந்தது. ரிங்கருக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனாள். எல்லா மருந்துக்கும் கையேடு எழுதிய அப்பா. அவரால் தன் மகளைக் காப்பாற்ற முடியவில்லை.

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் புல்வெளி மேடுகளின் ஓரத்தில் லாஸ்டிங்ஹாம் என்று ஒரு சின்ன ஊர். ரிங்கர் குடும்பத்துக்கு அங்கே வீடு இருந்தது. அந்த ஊரின் புனித மரியாள் ஆலயம் 11-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அடியில் பழைய நிலவறைக் கோயிலும் உண்டு. மகள் நினைவாக, 1879-ல் அந்த ஆலயத்தைத் தன் செலவில் புதுப்பித்துக் கொடுத்தார். கட்டடக் கலைஞர் ஜே.எல். பியர்சன் செய்த வேலை இன்றைக்கும் நிற்கிறது.

தேதிகளைக் கவனிங்க. ஆலய வேலை 1879. தவளை இதயப் பேப்பர்கள் 1882-லும் 1883-லும். மகளை இழந்து, அந்த ஆலயத்தைக் கட்டி முடித்த பிறகுதான் இந்த மனுஷன் லேபில் உட்கார்ந்து, நின்றுபோன இதயங்களைத் திரும்பத் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். இரண்டையும் முடிச்சுப் போடுவதற்கு அவர் எதுவும் எழுதிவைத்ததாக நான் படிக்கவில்லை. அதனால் நானும் போடலை. தேதியை மட்டும் சொல்லிட்டேன்.

1900-ல் ரிட்டயர் ஆகி லாஸ்டிங்ஹாமுக்கே போனார். 1910 அக்டோபர் 14 அன்று, பக்கவாதத்தால் அங்கேயே இறந்தார்.

அவர் போன பிறகு

ஹீரோ இறந்துட்டார், கதை முடிஞ்சதுன்னு டேபை மூடிடாதீங்க. அவர் சொன்னதை மறந்ததால் நடந்த விபரீதம் இனிமேல்தான்.

1932-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன், வயிற்றுப்போக்கில் வாடிய குழந்தைகளுக்காக ரிங்கர் கரைசலில் லாக்டேட் சேர்த்தார். அதுதான் நம்ம ஆர்.எல்.

1953-ல் ஜான் கிப்பன் ஹார்ட்-லங் மெஷினை வைத்து முதல் வெற்றிகரமான இதய ஆபரேஷன் செய்தார். உடம்பைக் காப்பாத்த மெஷின் வந்துடுச்சு. அடுத்த கேள்வி, இதயத்தையே எப்படி நிறுத்துவது? 1955-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியின் டெனிஸ் மெல்ரோஸ் குழு, பொட்டாசியம் சிட்ரேட்டை ரத்தத்தில் கலந்து கரோனரிக்குள் செலுத்தியது. இதயம் நின்றது! சர்ஜன்களுக்கு ஒரே சந்தோஷம். அட்லாண்டிக் தாண்டி அமெரிக்காவிலும் பின்பற்றினாங்க.

சில வருஷத்தில் கெட்ட செய்திகள் வர ஆரம்பித்தன. இப்படி நிறுத்திய இதயங்களின் தசையில் சேதம் தெரிந்தது. 1960 வாக்கில் பொட்டாசியம் என்றாலே பயந்து, முறையையே கைவிட்டுட்டாங்க. பத்து வருஷத்துக்கும் மேல் யாரும் கிட்டத்தட்ட அதைத் தொடவில்லை.

தப்பு எங்கே? மெல்ரோஸ் கரைசலில் பொட்டாசியம் இன்றைக்குக் கொடுப்பதைப் போலப் பல மடங்கு. அதோடு சிட்ரேட். சிட்ரேட்டுக்குக் கால்சியத்தைப் பிடித்துக் கட்டிவைக்கும் குணம் உண்டு. ரத்த தானம் பண்ணும்போது பையில் ரத்தம் உறையாமல் இருப்பதே அதனால்தான். ஆக, ஒன்று அளவுக்கு மேல், இன்னொன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எவ்வளவு, எதோடு சேர்ந்து. 1883-ல் தவளை இதயம் சொன்ன அதே பாடம். குற்றவாளி பொட்டாசியம் இல்லை, அளவு.

இடைப்பட்ட காலத்தில் கரோனரி பைபாஸ் வளர்ந்தது. 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில், அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபவலோரோ கால் சிரையை எடுத்து பைபாஸ் செய்து, அதை எல்லா ஊருக்கும் பரவச் செய்தார். நல்ல பாதுகாப்பு இல்லாமல் கிளாம்ப் போட்டு, ஐஸ் வைத்துக் குளிர்வித்து, அவசர அவசரமாகத் தைத்துக்கொண்டிருந்த காலம் அது. 1972-ல் ஹூஸ்டனின் பிரபல சர்ஜன் டென்டன் கூலி ஒரு பயங்கரத்தைப் பதிவு செய்தார். ஆபரேஷன் நல்லபடியா முடியும். கிளாம்பை எடுப்பாங்க. ஆனால் இதயம் முறுக்கி, கல்லு மாதிரி இறுகிப்போய், துடிக்கவே துடிக்காது. அதுக்கு 'கல் இதயம்' என்றே பெயர் வைத்தார். செல்லில் ஆற்றல் தீர்ந்துபோய், கால்சியத்தை வெளியேற்றக்கூடச் சக்தி இல்லாததால் வரும் இறுக்கம். தையல் எல்லாம் சரி, ஆனால் நோயாளி எழுந்திருக்க மாட்டார். வெளியே காத்திருந்த குடும்பத்திடம் அதை எப்படிச் சொல்லியிருப்பாங்க?

அப்புறம்தான் பழைய பாதைக்குத் திரும்பினாங்க. 1973-ல் அமெரிக்காவில் கே, எபர்ட் என்ற இருவர், பொட்டாசியத்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் சேதம் இல்லை என்று காட்டினார்கள். லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் டேவிட் ஹெர்ஸ் குழு, எலி இதயங்களை வைத்து ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு அளவிலும் சோதித்தது. ரிங்கர் செய்த அதே வேலை! 1970-களின் நடுவில் செயின்ட் தாமஸ் கரைசல் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்தது. பொட்டாசியம் லிட்டருக்கு 16 முதல் 20 மில்லிமோல். கூட மெக்னீசியம். கால்சியம் கொஞ்சம், ஆனால் நிச்சயம் பூஜ்யம் இல்லை. ஏன்னா கால்சியமே இல்லாத கரைசலில் வைத்த இதயத்துக்குத் திடீரெனக் கால்சியம் திரும்பக் கிடைத்தால் செல்கள் உடைந்து செத்துவிடும் என்று 1966-லேயே தெரிந்திருந்தது. நியூ ரிவர் தண்ணியில் இருந்த அந்தத் துளிக் கால்சியம் இங்கேயும் வந்து உட்கார்ந்துடுச்சு.

அந்த முதல் செயின்ட் தாமஸ் கரைசலை எப்படித் தயார் பண்ணுவாங்க தெரியுமா? பொட்டாசியம், மெக்னீசியம், புரோக்கேன் என்ற மரப்பு மருந்து, மூணும் அடங்கிய 20 மில்லி ஆம்பியூல் ஒன்று வரும். அதை உடைத்து 1 லிட்டர் கரைசலில் கலக்கணும். அந்த 1 லிட்டர், ரிங்கர் கரைசல்.

தியேட்டருக்குள்

இன்றைக்கு பைபாஸ் நடக்கும்போது இது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடலாம்.

சர்ஜன் பெருந்தமனியில் கிளாம்ப் போடுவார். கிளாம்புக்கும் இதயத்துக்கும் நடுவில் சொருகிய ஊசிக்குழாய் வழியாக, பெர்ஃப்யூஷனிஸ்ட் குளிர்ந்த பொட்டாசியக் கரைசலைச் செலுத்துவார். மானிட்டரில் கோடு தட்டையாகும். இதயம் துவண்டு, அமைதியாகும். மற்ற எந்த இடத்திலும் அந்தத் தட்டைக் கோடு மரணம். இங்கே அது பாதுகாப்பு.

சில ஊர்களில் வெறும் கரைசல், சில இடங்களில் நோயாளியின் ரத்தத்தோடே கலந்து. 20 நிமிஷம், அரை மணிக்கு ஒரு தடவை மறுபடி கொடுப்பாங்க. பைபாஸ் நோயாளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கரோனரியில் அடைப்பு இருப்பதால்தானே ஆபரேஷன்? அப்ப மருந்தும் அதே அடைப்பில் மாட்டிக்குமே! அதனால் இதயத்தின் பின்பக்கம் உள்ள பெரிய சிரை வழியாக, ரிவர்ஸில், ரத்தம் திரும்பி வருகிற பாதையில் மருந்தை அனுப்புவாங்க. ஒவ்வொரு புதுக் குழாயையும் தைத்து முடித்ததும் அதன் வழியாகவும் கொடுக்கலாம். ஒன்வே அடைச்சிருந்தா எதிர்ப்பக்கமா உள்ளே நுழையுற மாதிரிதான்.

கடைசித் தையல் முடியும். கிளாம்பை எடுப்பாங்க. ரத்தம் கரோனரிக்குள் பாயும். பொட்டாசியம் கழுவிக்கொண்டு போகும். லிட்டருக்கு 20 மில்லிமோல் இருந்தது மெதுவா 4-க்கு இறங்கும். வோல்டேஜ் மைனஸ் 52-லிருந்து மைனஸ் 90-ஐ நோக்கி நகரும். பூட்டின கதவுகள் தயாராகும். தியேட்டரில் எல்லாரும் அந்த ஒரு தசையைத்தான் பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

முதலில் சின்னதா ஒரு நடுக்கம். அப்புறம் ஒரு துடிப்பு. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று.